நாலாவது மைல் வளைவு

கல்லுடைக்கும் குன்றிலிருந்து துறைமுகம் வரைக்கும் ஏழு மைல். நகரத்தின் முதுகெலும்பு என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்லும் அந்தப் பெரிய சாலை, முதல் மூன்றரை மைலுக்கு நூல் பிடித்தாற்போல வரும். நாலாவது மைலில் என்ன வந்ததோ, இடுப்பை ஒடித்துக்கொண்டு மேற்கே ஒதுங்கும். முந்நூறு அடி போனதும் புத்தி வந்தாற்போல மறுபடி நேராகிவிடும். பேருந்தில் நின்றுகொண்டு போகிறவர்கள் அந்த இடத்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்வார்கள். சாய்ந்து நிமிர்ந்ததும் யாராவது ஒருவர் வளைவுக்கான காரணத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்.

காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. கிழக்குப் பக்கத்து மாவு மில் முதலாளி அன்றைக்கு இருந்த அமைச்சருக்குச் சம்பந்தி என்பார் ஒருவர். மில்லின் சுவரைத் தொடாமல் இருக்கத்தான் சாலை ஒதுங்கியது, பாருங்கள், சுவருக்கு வெளியே பதினோரு அடி சும்மா கிடக்கிறது என்பார். கோடு போட்டவன் குடித்திருந்தான் என்பது கல்லூரிப் பிள்ளைகள் கட்டிய கதை. கதை எதுவானாலும் முடிவு ஒன்றுதான்: எவனோ எதையோ வாங்கிக்கொண்டான்.

எவனும் எதையும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் சாலை நேராகப் போயிருக்கும்.

அந்த வளைவைப் போட்டவர் சாலைத் துறையில் முப்பத்தெட்டு வருஷம் சர்வேயராக இருந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். துறையில் அவருக்குச் சங்கிலியார் என்று பெயர். எல்லாரும் நாடாவுக்கும் அப்புறம் கருவிக்கும் மாறின பிறகும், நிலத்தை அளக்கிற இரும்புச் சங்கிலியை மனிதர் விடவில்லை. சங்கிலி பொய் சொல்லாது என்பார். பொய் சொல்கிற கை ஒன்று அதன் நுனியைப் பிடித்திருக்கலாம் என்பதை அவர் யோசித்ததில்லை.

அவருக்குத் துறையில் இருந்த மரியாதை சும்மா வந்ததில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் சாலையை நூறு அடிக்கு அகலப்படுத்தியபோது, நாலாவது மைலில் சாலை நிலத்தை ஆக்கிரமித்திருந்ததாக ஒன்பது வீடுகளுக்கு அவர் சிவப்புக் குறி போட்டார். அதில் ஒன்று அவருடைய சொந்த அக்கா வீடு. வீடு என்றால் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். அக்காவின் கணவர் ஜன்னல் கண்ணாடி வெட்டுகிறவர், படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். விசாரணையில் அத்தான் தன் பத்திரத்தைக் காட்டி, பதினோரு அடியும் தன் இடம்தான் என்றார். விசாரித்த அதிகாரி சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் எழுந்து நின்று, "அளவு அளவுதான் சார். அவர் என் அக்கா புருஷன். அதுக்காக ரோடு ஒதுங்கிப் போகாது" என்றார்.

அந்த வாக்கியம் துறைக்குள் பரவிவிட்டது. புதிதாக வேலைக்குச் சேருகிற ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சியின் முதல் நாளே இந்தக் கதையைச் சொல்வார்கள். சொந்த அக்கா வீட்டையே இடித்தவர் என்று தூரத்திலிருந்து அவரைக் காட்டுவார்கள். சங்கிலியார் காதில் விழாததுபோல நடப்பார். விழும். நன்றாகவே விழும்.

சாலைக்குத் தார் போட்டு நூறு வருஷம் ஆகிறது, அதன் வரலாற்றை ஒரு புத்தகமாகக் கொண்டுவரலாம் என்று தலைமைப் பொறியாளர் முடிவு செய்தபோது, எழுத வேறு ஆள் யாரையும் தேடவில்லை. ஆவண அறையில் ஒரு மூலையும், ஒரு கால் ஆடுகிற மேசையும், மூன்று மாத அவகாசமும் கொடுத்தார். சங்கிலியார் மேசைக்காலுக்கு அட்டையை மடித்து வைத்துவிட்டு, அன்றைக்கே எழுத உட்கார்ந்தார்.

எழுத்து அவருக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று யாரும் நினைக்கவில்லை. முதலில் அது வண்டித் தடம். துறைமுகச் சுவர் கட்டுவதற்குக் குன்றை வெட்டிக் கல் ஏற்றிப்போன மாட்டு வண்டிகளின் தடம். வண்டிக்காரர்களுக்குக் கோணல் போக நேரமில்லை, பளு அதிகம், அதனால் தடம் நேராக விழுந்தது. மாடு தண்ணீர் குடிக்க நின்ற இடத்தில் ஒரு கடை வந்தது, கடைக்குப் பக்கத்தில் ஒரு கொல்லன், கொல்லனுக்கு எதிரே ஒரு சத்திரம். சுவர் கட்டி முடித்ததும் வண்டிகள் நின்றன. ஆனால் இருபுறமும் குடியேறினவர்கள் நகரவில்லை. தார் வந்தது. அப்புறம் ஒரு கம்பெனி தண்டவாளம் போட்டு டிராம் விட்டது. பத்தொன்பது வருஷம் மணியடித்துக்கொண்டு ஓடி, நொடித்துப்போய், தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு காணாமல் போனது. இதையெல்லாம் அவர் கூட இருந்து பார்த்தவர்போல எழுதினார்.

வீட்டிலும் அதே நினைப்புதான். சாப்பிடும்போது கொல்லனைப் பற்றிப் பேசுவார். "கல்யாணமாகி முப்பத்தி மூணு வருஷத்துல எனக்கு ஒரு கடுதாசி எழுதினதில்ல. ரோட்டுக்கு முந்நூறு பக்கமா?" என்றாள் மனைவி. அவள் கேலிதான் செய்தாள், ஆனால் பேனாவில் மை தீரும் முன்பே வேறு வாங்கிவைத்தாள். ஓய்வு பெற்ற பிறகு மனிதர் இவ்வளவு உற்சாகமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

இரண்டாவது மாதக் கடைசியில் டிராம் கம்பெனியின் கட்டு அகப்பட்டது. எவனோ அதைத் தெருவிளக்குக் கணக்குகளோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தான். பிரித்தால், துணியில் ஒட்டிய வரைபடங்கள். மைல் மைலாக, மை மங்காமல் இருந்தன. சங்கிலியாருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஒவ்வொன்றாக விரித்து ரசித்துக்கொண்டு வந்தவர், நாலாவது மைல் படத்தில் நின்றுவிட்டார்.

படத்தில் இரண்டு கற்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று சாலையின் மேற்கு எல்லையைக் காட்டும் அரசாங்கக் கல். அதற்கு மேற்கே, சரியாகப் பதினோரு அடி தள்ளி, டிராம் கம்பெனியின் கல். எதிரே வரும் டிராமுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்க ஒரு கிளைத் தண்டவாளம் வேண்டியிருந்திருக்கிறது. அதற்காக அங்கிருந்த ஒன்பது மனைக்காரர்களிடமும் முன்பக்கத்தில் பதினோரு அடியைக் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருக்கிறது. கம்பெனியை மூடும்போது நிலத்தை உரியவர்களுக்கே திருப்பிக் கொடுத்த கடிதம், ஒன்பது பேரின் கையெழுத்தோடு, படத்தின் பின்னால் தைத்திருந்தது. நிலம் திரும்பிவிட்டது. கல்லை மட்டும் யாரும் பிடுங்கவில்லை.

இரண்டு கல்லும் ஒரே குன்றில் வெட்டியவை. இரண்டிலும் ஒரே மாதிரி அம்புக்குறி. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர் போனபோது ஒரு கல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. மற்றது நடைபாதை மண்ணுக்குள் போயிருந்தது. தெரிந்த கல்லில் சங்கிலியை வைத்தார். அது டிராம் கல்.

கல்லை மாற்றிப் பார்ப்பது எந்தச் சர்வேயருக்கும் நடக்கக்கூடியது. அதற்குத்தான் துறையில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எந்தத் துண்டையும் இரண்டு தடவை அளக்கவேண்டும். தெற்கிலிருந்து வடக்கே போகும்போது எடுப்பது போக அளவு. வடக்கிலிருந்து திரும்பி வரும்போது எடுப்பது வர அளவு. இரண்டும் ஒரு சாணுக்குள் ஒத்துப்போனால்தான் கோடு செல்லும். ஐந்தாவது மைல் கல்லிலிருந்து அவர் திரும்பி அளந்து வந்திருந்தால், கோடு அந்தக் கல்லைத் தொடாமல் பதினோரு அடி கிழக்கே விழுந்திருக்கும். தவறு அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

தன் பழைய அளவுப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்தார். போக அளவு இருந்தது. வர அளவும் இருந்தது, இரண்டு விரல் வித்தியாசத்தோடு, அவருடைய அழகான கையெழுத்தில். அந்த வர அளவை அவர் அளக்கவே இல்லை.

மறந்திருந்தார் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

அன்று காலை நடந்தது இது. போக அளவு முடிந்து, கடை வாசலில் குறி விழுந்தாயிற்று. வர அளவுக்காக அவர் சங்கிலியை உதறிக்கொண்டிருந்தபோது அத்தான் கடையிலிருந்து இறங்கி வந்தார். கையில் கண்ணாடி வெட்டுகிற வைரமுனை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். "மாப்ளே, உன் வேலையில நான் தலையிடல. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா அளந்து பாரு, அது போதும்" என்றார். அதைத்தான் விதியும் சொல்கிறது. ஆனால் எதிரே டீக்கடையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவன், இனி அக்கா வீட்டுக்குத் தகுந்தாற்போலச் சங்கிலி நீளும் பாருங்கள் என்றான். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

சங்கிலியாருக்குக் காது சிவந்தது. மறுபடி அளந்து, கோடு ஒரே ஒரு அடி கிழக்கே நகர்ந்தாலும் ஊர் என்ன சொல்லும்? அவருக்குத் தன் முதல் அளவின்மேல் சந்தேகம் எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் பயம். சங்கிலியைச் சுருட்டினார். மில் சுவரோரம் போய் உட்கார்ந்து, போக அளவோடு இரண்டு விரலைக் கூட்டி வர அளவு என்று எழுதினார். அச்சு அசலாக ஒரே எண்ணைப் போட்டால் சந்தேகம் வரும் என்று அந்த இரண்டு விரல். லஞ்சம் வாங்காத கை, உறவுக்காக வளையாத கை, அன்றைக்குப் பொய் எழுதியது. நேர்மையானவன் என்ற பெயருக்காக எழுதியது. இதைவிடக் கேவலமான காரணம் ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததற்குச் சங்கிலி தேவைப்படவில்லை. ஆக்கிரமிப்பாளர்கள் என்று தலைப்புப் போட்டு ஒன்பது பெயர்களை அச்சடித்து, வட்டார அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். அத்தான் பெயர் நாலாவது. அந்தச் சுவரைத் தாண்டித்தான் அவருடைய மகள் பள்ளிக்கூடம் போகவேண்டும். ரோட்டைத் திருடினவன் பொண்ணு என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். முன்பக்கம் பதினோரு அடி போன பிறகு மிச்சமிருந்த வீட்டில் ஒரு கட்டில் போட இடமில்லை. இடிக்க வந்த அன்று அத்தான் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். பாதிக்குமேல் எடுக்க விடவில்லை. சங்கிலியார் தள்ளி நின்று பார்த்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை, அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி. அத்தான் வேறொருவர் கடையில் கூலிக்குக் கண்ணாடி வெட்டி, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். சாவுக்குப் போன சங்கிலியார் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினார். ஊரார் உச்சுக்கொட்டினார்கள், கடமையைச் செய்த மனுஷனுக்கு இந்தக் கதியா என்று. அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். அக்காவின் வெறுப்பையும் தன் நேர்மைக்குக் கொடுத்த விலையில் சேர்த்துக்கொண்டார்.

வரைபடம் கிடைத்த மறுநாள் காலையில் அவர் சங்கிலியை எடுத்துக்கொண்டு நாலாவது மைலுக்குப் போனார். பாதசாரிகள் வேடிக்கை பார்க்க, மூன்றாவது மைல் கல்லிலிருந்தும் அளந்தார், ஐந்தாவது மைல் கல்லிலிருந்தும் அளந்தார். பதினோரு அடி. சந்தேகத்துக்கு ஒரு விரற்கடை இடம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். வர அளவை அளக்கவில்லை என்ற இடத்தில் அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. இருபத்தாறு வருஷமாக நாத்தனாரைக் கல்நெஞ்சுக்காரி என்று பேசியவள் அவள்தான். கடைசியில், "எங்கிட்ட சொல்லி என்ன? சொல்லவேண்டியவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா பெரிய சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில், ஒற்றை அறையில் இருந்தாள். மகள் வெளியூரில். சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிற வேலை. அவர் போனபோது கட்டில்மேல் வெள்ளைச் சட்டைகள் குவிந்திருந்தன. அவள் கதவைத் திறந்தாள், பார்த்தாள், திரும்பிப் போய் உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவர் நின்றுகொண்டே சொன்னார். இரண்டு கல்லைச் சொன்னார், டிராமைச் சொன்னார், அளக்காமல் எழுதினதைச் சொன்னார், டீக்கடைச் சிரிப்பையும் மறைக்கவில்லை. அவள் ஒரு பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்போ அது எங்க இடம்தானா?"

"ஆமாக்கா."

"அவர் திருடல."

"இல்லக்கா. அவர் சொன்னதுதான் சரி."

அவள் சட்டையை மடியிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். "சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, யாருன்னே தெரியாத நர்ஸ் அம்மாகிட்ட, நான் ரோட்டைத் திருடினவன் இல்லம்மான்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. அந்த அம்மா பாவம், சரிங்க ஐயா சரிங்க ஐயான்னு தலையாட்டிச்சு" என்றாள். அப்புறம் ஊசியில் புது நூலைக் கோத்தாள். பேசியபோது குரல் தெளிவாக இருந்தது. "நீ எழுதுற புஸ்தகத்துல அதை எழுது தம்பி. அது அவரோட இடம்தான்னு ஒரு வரி. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

எழுதுகிறேன் என்றார். சத்தியமா என்று அவள் கேட்கவில்லை. அவருடைய வார்த்தைக்குச் சத்தியம் தேவையில்லை என்று அவள்கூட நம்பியிருக்கிறாள் போலிருக்கிறது. எழுந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கும்போது உற்றுப் பார்த்து, ரொம்ப இளைத்துவிட்டாய் என்றாள். மாடிப்படியில் இறங்கும்போது சங்கிலியாருக்கு அழுகை வந்துவிட்டது. பாதிப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். அந்த அழுகை பொய்யில்லை, அதையும் சொல்லவேண்டும்.

இரண்டே நாளில் அந்தப் பக்கத்தை எழுதிவிட்டார். மொத்தப் புத்தகத்திலும் நன்றாக அமைந்த பக்கம் அதுதான். எதையும் பூசி மெழுகவில்லை. எடுத்துக்கொண்டுபோய்த் தலைமைப் பொறியாளரிடம் நீட்டினார்.

பொறியாளர் நல்ல மனிதர். இந்தக் கதையில் வில்லனைத் தேடுகிறவர்களுக்கு அவர் உதவமாட்டார். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, தான் எழுதி வைத்திருந்த முன்னுரையை எடுத்துச் சங்கிலியார் முன்னால் வைத்தார். படிக்கச் சொன்னார்.

முன்னுரை முழுக்கச் சங்கிலியார்தான். விசாரணையில் எழுந்து நின்றது, சொன்ன வாக்கியம், எல்லாம் இருந்தது. 'சொந்த அக்காவின் ஆக்கிரமிப்பையும் அகற்றத் தயங்காத அந்த நேர்மையின்மேல்தான் இந்தச் சாலை நிற்கிறது' என்று முடிந்தது.

"நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு இந்தக் கதையைக் கேட்டேன் சார். அதுக்கப்புறம் எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கேன்" என்றார் பொறியாளர். "நீங்க எழுதினதுல நான் ஒரு வரி வெட்டமாட்டேன். இது வேணும்னா என் முன்னுரையைக் கிழிச்சுப் போட்டுடறேன். யோசிச்சுச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது."

யோசிக்கச் சொன்னதுதான் ஆபத்தாகப் போனது. இரண்டு தாளையும் சங்கிலியார் வீட்டுக்கு எடுத்துவந்தார். தன் பக்கத்தை ஒரு தடவை படித்தார். முன்னுரையை நாலு தடவை படித்தார். இவ்வளவு அழகாகத் தன்னை யாரும் அதுவரை எழுதியதில்லை. அடுத்து வேலைக்குச் சேருகிறவர்களுக்கு என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தார். தூரத்திலிருந்து அவரைக் காட்டி, அளக்காமல் அளவு எழுதினவர் என்பார்கள்.

அப்புறம் காரணங்கள் வர ஆரம்பித்தன. காரணம் தேடுகிறவனுக்கு அது கிடைக்காமல் போனதில்லை. டிராம் கம்பெனிக்காரன் வியாபாரி, அவன் படத்தை எப்படி நம்புவது? அன்றைய கல் இன்றைக்கு இல்லை, அது டிராம் கல்தான் என்பதற்குச் சாட்சி யார்? ஐயமறத் தெரியாத ஒன்றை வரலாறு என்று எழுதலாமா? வாழ்நாள் முழுக்கத் துல்லியம் துல்லியம் என்று பாடியவர், அந்தத் துல்லியத்தையே எடுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டார். தானே இரண்டு பக்கமிருந்தும் அளந்து பார்த்ததை மட்டும் அந்த வாதங்களுக்குள் வரவிடவில்லை. மனைவி இரண்டு தடவை கேட்டாள், எழுதியாயிற்றா என்று. எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

வியாழக்கிழமை மதியம் எழுதி முடித்தார். 'நாலாவது மைலில், நிலத்தின் அமைப்பையொட்டி, சாலை சற்றே மேற்கு நோக்கி வளைகிறது.' ஒரு வரிதான். முன்னுரையை அப்படியே மடித்துக் கொடுத்தார். அது பிறர் எழுதியது, அதில் கைவைக்கத் தனக்கு உரிமை இல்லை என்று சொல்லிக்கொண்டார். பொறியாளர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அச்சுக்கு அனுப்பினார். அவருக்கும் உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

அக்காவிடம் போய் விளக்கிவிட வேண்டும் என்று சங்கிலியார் நினைத்தார். இன்று போகலாம், நாளை போகலாம் என்று நாள் ஓடியது. வெளியீட்டு விழாவுக்கு அவளுக்கு அழைப்பும் அனுப்பவில்லை. தன் வீட்டுக்கு வந்த புத்தகப் பிரதியை மனைவி ஒரு மாலையில் படித்துவிட்டு, மேசைமேல் வைத்தாள். விழாவுக்கு வரவில்லை, தலைவலி என்றாள்.

விழா துறையின் கூட்ட அறையில், காலை பத்து மணிக்கு. புது சர்வேயர்கள் முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் புத்தகத்தை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலியார் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்தபோது, கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். புத்தகத்தை மடியில் விரித்து, வரிக்கு வரி விரலை ஓட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். முதல் பக்கம் முன்னுரை.

அவர் அங்கேயே நின்றார். விரல் மெதுவாக நகர்ந்தது. ஒரு வரியில் நின்றது. மறுபடி அந்த வரியின் ஆரம்பத்துக்குப் போய், மறுபடி அதே இடத்தில் நின்றது. அப்புறம் அவள் பக்கங்களைப் புரட்டி நாலாவது மைலைத் தேடினாள். அந்த ஒற்றை வரியைப் படிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதற்கு அடுத்த பக்கத்தையும், அதற்கு அடுத்ததையும் பார்த்தாள். வேறு எங்காவது எழுதியிருப்பானோ என்ற எண்ணம்.

சங்கிலியார் அருகில் போய்க் குனிந்தார். முன்னுரை தான் எழுதியதில்லை என்றார். அவள் புத்தகத்தை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார், அது அவருக்குப் பழக்கம்.

"அன்னைக்கு அது எங்க இடம்னு தெரியாம பண்ணிட்ட. தெரியாம பண்ணின தம்பியை இருபத்தாறு வருஷம் வெறுத்துட்டேனேன்னு, நீ வந்துட்டுப் போனதிலிருந்து தினமும் அழுதுக்கிட்டிருந்தேன்" என்றாள். "இனிமே அழ வேண்டாம். இப்ப நீ தெரிஞ்சேதான் பண்ணியிருக்க."

எழுந்தாள். புத்தகத்தை நாற்காலியில் வைக்கவில்லை, அவர் கையிலேயே கொடுத்தாள். வரிசையில் கால் நீட்டியிருந்தவர்களிடம் கொஞ்சம் வழிவிடுங்க என்று கேட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மேடையில் பொறியாளர் ஒலிபெருக்கியில் அவர் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். அக்கா இன்னும் படியிறங்கிக்கொண்டுதான் இருந்திருப்பாள், ஓடினால் பிடித்திருக்கலாம். சங்கிலியார் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேடைக்குப் போனார்.